முகம் அப்புறம், முதலில் கறுப்பு

கேள்வி சுருக்கமாக இதுதான். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பதினைந்து பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தருகிறீர்கள். எல்லாருக்கும் கை ஓடுகிறது. ஆனால் எல்லாரும் ஒரே முகத்தைத்தான் வரைகிறார்கள்: பெரிய கண், கூரான தாடை, முள்முள்ளாய் முடி. வண்ணம் வாங்கக் காசு இல்லை. கறுப்பு மையை மட்டும் வைத்துக்கொண்டு கதாபாத்திரம் உருவாக்கக் கற்றுத்தர முடியுமா, உடற்கூறிலிருந்து தொடங்க வேண்டுமா, அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன் பாணியை நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். உங்களிடம் வண்ணப் பெட்டி இருந்திருந்தாலும் முதல் ஆறு மாதம் அதைப் பூட்டி வைக்கத்தான் சொல்லியிருப்பேன். அந்த ஒரே முகத்தை வளர்த்துவிடுவதே வண்ணம்தான். சிவப்பு முடி என்றால் கோபக்காரன், நீல முடி என்றால் அமைதியானவன், வெள்ளை முடி என்றால் மர்மமானவன். வண்ணத்தை உருவிவிட்டால் மூவரும் ஒரே ஆள். இதைப் பிள்ளைகளிடம் வாயால் சொன்னால் ஏறாது. அவரவர் பாத்திரத்தின் வெளிக்கோட்டை மட்டும் இன்னொரு தாளில் பிரதியெடுத்து, உள்ளே முழுக்கக் கறுப்பு பூசச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். பதினைந்தையும் கலைத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, எது யாருடையது என்று கேளுங்கள். பல பேருக்குத் தங்களுடையதே அடையாளம் தெரியாது. சிரிப்பார்கள். நல்லது, அந்தச் சிரிப்பு அடங்கியதும் வகுப்பைத் தொடங்கிவிடலாம்.

அதே சுவரில் மலேசியக் கார்ட்டூன் பையன்கள் உப்பின், இப்பின் இருவரையும் கறுப்பு நிழலாக வரைந்து ஒட்டுங்கள். மலேசியாவில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் ஒரு நொடியில் சொல்லிவிடும். இரட்டையர், ஒரே உயரம், ஒரே உடம்பு. ஆனாலும் ஒருவன் உச்சந்தலையில் ஒற்றைக் குடுமி முடி, இன்னொருவன் மொட்டை. நிழலில் பார்த்தாலும் குழப்பமில்லை. வாயாங் கூலிட் என்ற நிழற்கூத்தின் தோல் பொம்மைகளும் இப்படித்தான். கிளந்தான் மாநிலக் கூத்தில் ஸ்ரீராமனுக்குப் பச்சை, இலட்சுமணனுக்குச் சிவப்பு என்று தோலில் நிறம் பூசியிருப்பார்கள். ஆனால் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்குப் பெரும்பாலும் கிடைப்பது நிழல். கிரீடத்தின் விளிம்பும் மூக்கின் வளைவும்தான் ஆளைச் சொல்லும்.

அனிமேவை நிறுத்தச் சொல்லாதீர்கள். சொன்னால் வகுப்பில் நிறுத்திவிட்டு வீட்டில் வரைவார்கள், உங்களிடம் காட்ட மாட்டார்கள், அவ்வளவுதான். அதைவிட, அவர்கள் விரும்பிப் படிக்கும் மங்காவையே, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையையே, மேசைமேல் விரித்துவையுங்கள். திரையில் வண்ணமாகப் பார்ப்பதில் பெரும்பங்கு தாளில் கறுப்பு வெள்ளையாகப் பிறந்ததுதான். ஒரு பக்கத்தை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். முகங்கள் மறைந்து கறுப்புத் திட்டுகள் மட்டும் மிஞ்சும். அந்தத் திட்டுகளை எண்ணச் சொல்லுங்கள். எது பெரியது, எது யார்மேல் விழுந்திருக்கிறது என்று கேளுங்கள். ஜப்பானிய ஓவியர்களிடம் கறுப்பு நிரப்புவதற்கென்றே உதவியாளர்களை உட்கார்த்திவைக்கும் வழக்கம் உண்டு. அதை நிரப்புவது உதவியாளர் வேலை. எங்கே நிரப்ப வேண்டும் என்று குறிப்பது ஓவியர் வேலை.

உங்கள் வகுப்பும் அந்தக் குறிப்பதைத்தான் கற்றுத்தர வேண்டும் என்பது என் கட்சி. பாத்திரம் படைப்பது கண்ணும் மூக்கும் தேர்ந்தெடுக்கும் வேலை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். மையோடு உட்கார்ந்தால் கேள்வி மாறிவிடும்: இந்த ஆளின் உடம்பில் கறுப்பு எங்கே இருக்கப்போகிறது? பூட்ஸைக் கறுப்பாக்கிப் பாருங்கள், பாரம் கீழே இறங்கி ஆள் நின்ற இடத்தில் ஊன்றிக்கொள்வான். அதே ஆளுக்கு பூட்ஸை வெள்ளையாக விட்டு முடியைக் கறுப்பாக்கினால் கால் லேசாகிவிடும், தலை கனக்கும், யோசிக்கிற ஆளாகத் தெரிவான். கறுப்பு முழுவதையும் முதுகில் மாட்டிய பைக்குக் கொடுத்தால், அவனைப் பற்றி முதலில் கேட்கத் தோன்றுவது ‘அந்தப் பையில் என்ன?’ என்பதுதான். கதை அங்கேயே தொடங்கிவிட்டது. ஒரு படத்தில் மூவர் நின்றால் மூவருக்கும் கறுப்பு வேறு வேறு உயரத்தில் இருக்கட்டும்.

சாம்பல் நிறத்துக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். கோடுதான் சாம்பல். தாத்தா கட்டியிருக்கும் கட்டம்போட்ட கைலியை உற்றுப் பார்த்து வரைந்தாலே அது சாம்பலாக விழும். வெள்ளைப் பனியன், கட்டக் கைலி, கறுப்புக் குடை. மூன்று தொனியும் ஒரே ஆளிடம் வந்துவிட்டன, தாத்தாவும் வந்துவிட்டார்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். முதல் சில வாரங்களுக்குப் பென்சிலே வேண்டாம். ஒரு தாளைப் பதினாறாக மடித்து, ஒவ்வொரு கட்டத்திலும் தடித்த தூரிகையால் ஒரு கறுப்பு உருவம். கண் கிடையாது, விரல் கிடையாது, உள்கோடு கிடையாது. ஓர் உருவத்துக்கு அரை நிமிடத்துக்குமேல் கொடுக்காதீர்கள். முதல் நாலைந்து கட்டங்களில் வழக்கமான ஆள்தான் வருவான், தோள் அகலம், இடுப்பு ஒல்லி. அது தீர்ந்த பிறகுதான் கை வேறு இடம் தேடும். கூன் விழுந்தவர், உருண்டையானவர், ஒரு காலைத் தாங்கி நடப்பவர் என்று வர ஆரம்பிப்பார்கள். பதினாறில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, காய்ந்தபின் வெள்ளை ஜெல் பேனாவால் உள்ளே கோடு திறக்கச் சொல்லுங்கள். கழுத்து எங்கே முடிகிறது, சட்டைக் கை எங்கே மடங்குகிறது என்பது மட்டும் போதும். கடைசியாக, இடம் இருந்தால், கண்.

உடற்கூறு அப்புறம். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. பதினாறு வயதுக்காரனுக்கு உடம்பு ஏழரைத் தலை உயரம் என்ற கணக்கு, இடுப்பெலும்புச் சாய்வு எல்லாம் ஒரு கட்டத்தில் தேவைப்படும், அவனே வந்து கேட்பான். பதின்மூன்று வயதுக்காரியிடம் முதல் நாளே எலும்புக்கூட்டை நீட்டினால் மறுவாரம் வரமாட்டாள். முதலில் நிற்பது, சாய்வது, சுமப்பது.

அதற்கு உங்கள் ஊரைப்போல வாய்ப்பான இடம் குறைவு. பிள்ளைகளின் பாட்டிமாரில் பலர் தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர்களாக இருப்பார்கள். பிள்ளைகளோ தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீட்டில் வளர்ந்தவர்கள். செம்பனையைப் பள்ளிப் பேருந்து ஜன்னல் வழியே பார்த்ததோடு சரி, கித்தா மரத்தை, அதே ரப்பர் மரத்தை, அதுவும் இல்லை. ஒரு பாட்டியை வகுப்புக்கு அழைத்து வாருங்கள். வெட்டுக் கத்தி வீட்டில் எங்காவது கிடக்கும், அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். மண்டபத்துத் தூணை மரமாக வைத்துக்கொண்டு வெட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் வரையப்போவது கத்தியைத்தான் என்று நினைப்பார்கள். நீங்கள் காலைப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து இறங்கும், பட்டையின் வளைவோடு கத்தி போகப்போக உடம்பும் மரத்தைச் சுற்றி நகரும். கை மட்டும் செய்கிற வேலையில்லை. வெட்டு தாழ்ந்துபோன மரத்துக்கு இடுப்பு மடங்கும், மேல்வெட்டுக்குக் கழுத்து அண்ணாந்துகொள்ளும். இந்த இரண்டு நிலையையும் ஒரு நிமிடத்துக்கு ஒன்றாகத் தூரிகையில் பிடித்தாலே போதும், அனிமே நாயகன் எவனும் நிற்காத நிற்பு அது. அப்புறம் கேள்வி கேட்கட்டும். விடியுமுன் வேலைக்குப் போனபோது என்ன உடுத்தினீர்கள்? பால் வாளியை எந்தத் தோளில் சுமந்தீர்கள்? சட்டையில் பால் பட்டுக் காய்ந்து கறுத்த இடம் எது? பாட்டி தொட்டுக் காட்டுகிற இடத்தில் கறுப்பை வைக்கட்டும். அந்தத் திட்டுக்கு ஒரு காரணம் உண்டு என்பது அதற்குப் பிறகு அவர்களுக்கு மறக்காது. விண்வெளி வீரனை வரைந்தாலும் அவன் கையுறை எங்கே தேய்ந்திருக்கும் என்று யோசிப்பார்கள்.

வாய்ப்பிருந்தால் ஒருநாள் குவாலா கங்சாருக்கு அழைத்துப்போங்கள். 1877இல் அங்கே நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. அதையே ஒரு பாத்திரமாக வரையச் சொல்லலாம், கிழட்டு மரத்தின் பட்டை மைக்கு நல்ல தீனி.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் பேச வேண்டும். உங்கள் பிள்ளைகள் வரைந்த நாயகர்களின் பெயர் கவினாகவும் யாழினியாகவும் இருக்கும். முகம் வெள்ளையாக இருக்கும். தாள் வெள்ளை, கோட்டோவியத்தில் நிரப்பாமல் விட்ட முகத்துக்கு ‘நிறம் சொல்லவில்லை’ என்றுதான் பொருள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வில்லன் வருகிறபோது கவனியுங்கள். அவன் முகத்தில் மட்டும் குறுக்குக்கோடு விழும். நாயகி வெள்ளை, வேலைக்காரி கோடு. யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்வதில்லை, கை தானாகப் போகிறது. அந்த இடத்தில் நிறுத்திப் பேசிவிட வேண்டும். திட்ட வேண்டாம். ‘உன் அம்மாவை வரை, இந்தப் பக்கத்தில் நிற்கட்டும், கோடு போடுவியா மாட்டியா?’ என்று கேட்டால் போதும்.

கறுத்த முகத்தை மையில் வரைய அவர்களுக்கு வழி தெரியாததும் ஒரு காரணம். வெளுத்த முகத்தில் நிழலைப் போட்டு வடிவம் காட்டுகிறோம். கறுத்த முகத்தில் வடிவத்தைக் காட்டுவது ஒளி. வகுப்பு நடப்பது கோயிலில், அதனால் பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. எண்ணெய்க் காப்புச் சாத்திய கருங்கல் மூர்த்தியைத் தீபாராதனை நேரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நெற்றியில் ஒரு கீற்று, மூக்குத் தண்டில் ஒரு கோடு, கன்ன மேட்டில் ஒரு புள்ளி, கீழுதட்டில் ஒரு மினுக்கம். மீதி எல்லாம் கறுப்பு. ஆனாலும் முகம் முழுதாகத் தெரிகிறது. ஆனந்த விகடனில் ஓவியர் சில்பி வரைந்த கோயில் சிலைகள் கிடைத்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள். கல்லின் கருமையை அவர் மெல்லிய கோடுகளால் எப்படி ஏற்றியிருக்கிறார், எந்த இடத்தில் கோட்டை நிறுத்தித் தாளை அப்படியே விட்டிருக்கிறார் என்பதைப் பிள்ளைகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும். அந்தக் காலத்துக் கோட்டு அச்சுக் கட்டைகளில் சாம்பல் அச்சாகாது, கறுப்பு அல்லது வெள்ளைதான். அந்த நெருக்கடியில் வளர்ந்த கைகள் அவை.

வழிகள் மூன்று உண்டு. முகம் முழுக்கக் கறுப்பு பூசிவிட்டு வெள்ளைப் பேனாவால் ஒளியை எழுதலாம். பார்க்க அசத்தலாக இருக்கும், ஆனால் சிரிப்பு, எரிச்சல் போன்ற சின்ன உணர்ச்சிகள் காணாமல் போகும். கன்னத்தின் வளைவோடு ஒரே திசையில் மெல்லிய கோடு இழைத்து, ஒளிபடும் இடங்களை விட்டுவிடலாம். நேரம் பிடிக்கும், ஆனால் எனக்குப் பிடித்தது இதுதான். மூன்றாவது, எல்லா முகத்தையும் வெள்ளையாக விட்டு, மூக்கும் உதடும் முடியும் நம் ஆட்களுடையதாக இருக்கப் பார்த்துக்கொள்வது. பல பக்கம் ஓடும் கதைக்கு இதுதான் ஓடும். எதைத் தேர்ந்தாலும் ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: கதையில் ஒருவருக்கு என்றால் எல்லாருக்கும். முகத்தில் குறுக்குக்கோடு வேண்டாம், அது அழுக்காகத் தெரியும்.

இதற்கு ஒரு நல்ல பயிற்சி, மரம் வெட்டப் போகிறவரின் தலைவிளக்கு. தாள் முழுவதும் கறுப்பு, விளக்கு பட்ட இடம் மட்டும் வெள்ளை. மரப்பட்டையில் ஒரு வட்டம், கத்தி முனை, இரண்டு விரல், தாடையின் ஓரம். ஆள் யார் என்று அவ்வளவிலேயே தெரிய வேண்டும்.

பொருள்களைப் பற்றி. பேனாவுக்காக ஈப்போ நகருக்கு ஓட வேண்டாம். சீனப் பள்ளி மாணவர்கள் தூரிகை எழுத்துக்கு வாங்கும் மைக்குப்பியும் தூரிகையும் ஊரிலுள்ள சீனர் எழுதுபொருள் கடையில் கேட்டுப் பாருங்கள். மலிவு, நல்ல கருமை, ஒரு குப்பி வகுப்புக்கே நாள்பட வரும். ஆனால் சில வகை காய்ந்தபின்னும் தண்ணீர் பட்டால் கலங்கும், வாங்கியதும் ஒரு மூலையில் கோடு போட்டு நனைத்துப் பாருங்கள். மெல்லிய கோட்டுக்கு நிறமி மைப் பேனா ஆளுக்கு ஒன்று போதும். சக்குரா மைக்ரோன் பேனாவில் 01 என்பது 0.25 மில்லிமீட்டர், 05 என்பது 0.45. எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 05 வாங்குங்கள். மெல்லிய பேனா கையில் இருந்தால் பிள்ளைகள் கண்ணிமையை ஒவ்வொன்றாக எண்ண உட்கார்ந்துவிடுவார்கள். நகல் எடுக்கும், சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளில் தூரிகை மை பூத்துப் பரவும். 135 கிராமுக்குக் குறையாத வரைதாள் நல்லது. நம் ஊர் ஈரக் காற்றில் தாள் நெளியும், பூஞ்சணமும் பிடிக்கும், நெகிழிப் பையில் போட்டு வையுங்கள். பள்ளிச் சீருடையோடு யாரும் வர வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த மை வெள்ளைச் சட்டையில் பட்டால் அம்மாக்கள் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

மையைக் கண்டு பயப்படுவது பெரிய பிள்ளைகள்தான். படிவம் ஒன்று குட்டிகள் குப்பியைக் கவிழ்த்துவிட்டுச் சிரிக்கும். படிவம் ஐந்து மாணவி பேனாவைத் தாளுக்கு ஒரு அங்குலம் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ‘தப்பு செய்தால் பரவாயில்லை’ என்று அவளிடம் சொல்லிப் பயனில்லை, அவள் நம்ப மாட்டாள். தப்பை மூடும் வழியைக் காட்டுங்கள். வெள்ளை போஸ்டர் கலர் பூசி மேலே வரையலாம். கெட்ட முகத்தை வெட்டியெடுத்து, பின்னால் வேறு தாள் ஒட்டி, அந்த ஓட்டையில் புது முகம் வரையலாம். அச்சுக்குப் போகும் படங்களில் இந்த ஒட்டுவேலை சகஜம், நகல் எடுத்தால் தெரியாது. வழி இருக்கிறது என்று தெரிந்தால் பேனா தானாக இறங்கும்.

கூட்டத்தில் ஆட்களைப் பிரித்துக்காட்டுவது எப்படி என்று கேட்டால் கேலிச்சித்திரக்காரர் லாட்டின் படங்களைக் காட்டுங்கள். உங்கள் மாநிலத்துக்காரர், கோப்பெங் பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) 1951இல் பிறந்தவர். அவர் படத்தில் நெரிசலாக நூறு பேர் நின்றாலும் மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று நடையிலும் உடுத்திய விதத்திலும் பிரிந்து தெரிவார்கள். பேனா, மை, தாள், அவ்வளவுதான். பிள்ளைகளைப் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்கு அனுப்பி அதுபோல் பார்த்து வரச் சொல்லுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கடைக்காரர் ஒருவரின் வயிற்றைப் பெரிதாக்கி வரைந்த படம் கைப்பேசியில் சுற்றினால் வகுப்பு அன்றோடு மூடிவிடும். ஒருவரின் நடை, இன்னொருவரின் தலைப்பாகை, மூன்றாமவரின் குடை என்று கலந்துதான் பாத்திரம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கற்பனைக்கும் அதுதான் நல்லது.

பாத்திரம் முடிந்ததா இல்லையா என்பதை எப்படி முடிவு செய்வது? அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். ஒரு தாளில் முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு, மூன்று முகபாவம், கையில் பிடிக்கும் பொருள் ஒன்று வரையச் சொல்லுங்கள். கறுப்பு எங்கே வரும் என்பதை அதில் சின்ன பெருக்கல் குறி போட்டுக் காட்டட்டும். பிறகு தாளைப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்து, அவனை அந்தப் பாத்திரம் படியேறுவதுபோல் வரையச் சொல்லுங்கள். வரைந்ததைப் பார்த்து உரியவன் ‘இது என் ஆள்தான்’ என்றால் முடிந்தது. ‘இவன் இப்படி ஏறமாட்டான்’ என்று சண்டைக்கு வந்தால் இன்னும் நல்லது, அவனுக்குத் தன் ஆளைத் தெரிந்திருக்கிறது. எப்படி ஏறுவான் என்று அதே தாளில் சேர்த்து வரையட்டும்.

பெற்றோர் வந்து இதனால் படிவம் ஐந்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்கு என்ன பயன் என்று கேட்பார்கள். காட்சிக் கலைக் கல்வி அங்கே ஒரு பாடம் என்று சொல்லலாம். அதைவிடக் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தால் சீக்கிரம் அடங்குவார்கள். ஏ4 தாள் ஒன்றை எட்டாக மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கச் சிறு புத்தகம் ஆகிவிடும். ஒரு பாத்திரம், எட்டுப் பக்கம், ஒரு சின்னச் சம்பவம். கறுப்பு வெள்ளை என்பதால் ஊர்ப் பிரதிக் கடையிலேயே சில காசுக்கு நகல் எடுக்கலாம், மூலத்துக்கும் நகலுக்கும் அதிக வித்தியாசம் இருக்காது. வண்ணத்தில் வரைந்திருந்தால் இந்த வசதி கிடையாது. கோயில் திருவிழாவில் ஒரு மேசை போட்டு வையுங்கள், ஆளுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிப்போவார்கள்.

ஒருவனிடம் டேப்லெட் இருக்கிறது, அவன் அதில்தான் வரைவேன் என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். வரையட்டும். மூன்று நிபந்தனை போதும்: ஒரே தூரிகை, ஒரே அடுக்கு, திரும்பப் பெறும் பொத்தானைத் தொடக் கூடாது. மற்றவர்களின் தாள் படங்களைக் கணினிக்கு ஏற்றும் வேலையையும் அவனிடமே விடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், தாளுக்கு நேர் மேலே கைப்பேசியைப் பிடித்து எடுக்க வேண்டும், விளக்குக்கு அடியில் எடுத்தால் கையின் நிழல் விழும். பிறகு வெள்ளையை வெள்ளையாகவும் கறுப்பைக் கறுப்பாகவும் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். மெல்லிய கோடுகள் அறுந்துபோகாத அளவு எது என்று பத்துப் படம் ஏற்றுவதற்குள் அவனே கண்டுபிடித்துவிடுவான்.